தையலுக்குள் ஒன்றரை அங்குலம்

அடையாறு எல்.பி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு மிஷினும் ஒரு ஸ்டூலும் மட்டுமே கொள்கிற இடத்தில் ஓர் ஆல்டரேஷன் கடை இருக்கிறது. போன மாசி மாதம் அப்பாவின் கோட்டை அங்கே எடுத்துப் போனேன். அண்ணன் மகன் கல்யாண ரிசப்ஷனுக்கு அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. தோள் சரியாக உட்கார்ந்தது. கை நீளமும் சரி. பட்டன்தான் எட்டவில்லை.

கடைக்காரர் கோட்டை வாங்கியதும் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் உள்பக்கத்தைத் திருப்பினார். லைனிங்கின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடினார். மார்புப் பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கியபோது வெளித்துணி தனியாகவும் உள்ளே இருந்த கான்வாஸ் தனியாகவும் நகர்ந்தன. "ஒட்டினது இல்ல சார், கையாலயே குத்தினது" என்றார். பிறகு முதுகின் நடுத்தையலில் லைனிங்கைக் கொஞ்சம் பிரித்து, பிளேடு முனையால் நாலைந்து தையலை அறுத்து விரித்துக் காட்டினார்.

அந்த இடத்தில் துணி வேறு நிறமாக இருந்தது. வெளியே வெளுத்துச் சாம்பல் பூத்துப்போயிருந்த கோட்டு, தையலுக்குள் மடங்கிக் கிடந்த இடத்தில் மட்டும் மழைக்கு முந்தைய வானம்போல் கருநீலமாக இருந்தது. 1969இல் கடையில் பீஸிலிருந்து வெட்டிக் கொடுத்த நாளில் முழுத் துணியும் அந்த நிறத்தில்தான் இருந்திருக்கும். நான் பார்த்ததே இல்லை.

"ஒன்றரை இன்ச் விட்டிருக்காரு சார், ரெண்டு பக்கமும். இப்ப யாரு விடறாங்க?"

யார் தைத்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் கடை இருந்த இடம் தெரியுமே தவிர, அந்த மாஸ்டரின் பெயர் தெரியாது. ஆனால் 'விட்டிருக்காரு' என்று அவர் சொன்னது, பக்கத்துக் கடையில் இருக்கிற மூத்த ஆளைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

அது அப்பாவின் ஜானவாசக் கோட்டு. ஜானவாசம் என்ற சொல் இன்று மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்கே புதிதாக இருக்கலாம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து திறந்த காரில் உட்காரவைத்து, முன்னால் நாதஸ்வரமும் இரண்டு பக்கமும் காஸ் லைட்டுமாகக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்து வருவார்கள். காருக்குள் மாப்பிள்ளையைச் சுற்றி அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அத்தனையும் ஏறி உட்கார்ந்திருக்கும். மறுநாள் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு அக்னி முன் உட்காரப்போகிற அதே மனிதர், முந்தின சாயங்காலம் கோட்டும் பேண்ட்டும் டையும் போட்டுக்கொண்டு வியர்வை வழிய வருவார். அந்த சூட் பெண் வீட்டார் செலவு. துணி எடுத்துக் கொடுப்பதும் தையல் கூலி கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. எந்த டெய்லரிடம் தைப்பது என்பது மட்டும் பிள்ளை வீட்டார் சொல்வது. வைதிகக் கல்யாணத்துக்குள் இங்கிலீஷ் உடை இப்படி ஒரு சடங்காகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இதை எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, எடுத்துக் கொடுத்தது மூன்றேகால் மீட்டர் கம்பளித் துணி. கச்சேரி ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு கடையில் தைக்கக் கொடுத்தார்கள். அப்பா மூன்று தடவை போக வேண்டியிருந்தது: அளவு கொடுக்க, டிரையல் பார்க்க, வாங்கி வர. டிரையலில் கோட்டுக்கு ஒரு கைதான் இருக்குமாம். உடம்பெல்லாம் வெள்ளை நூலோட்டம். மாஸ்டர் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, சாக்பீஸால் அங்கங்கே கோடு போட்டு, தோளைத் தட்டி, "மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, எப்பவும்போல நில்லுங்க" என்பார். அப்பா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கல்யாணத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால் இதைத்தான் முதலில் சொல்வார்.

கோட்டின் வேலை முழுக்க வெளியே தெரியாத இடத்தில் நடக்கிறது. மார்புக்குள் போகிற கான்வாஸை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சுருங்கி வெளித்துணியைப் பிடித்து இழுக்கும். பிறகு அந்தக் கான்வாஸை வெளித்துணியோடு சின்னச் சின்னக் கைத்தையலால் சேர்க்க வேண்டும். ஊசி வெளித்துணியில் ஓர் இழையை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். மார்பில் மடங்குகிற லேப்பல் பகுதியை விரலில் சுருட்டிப் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும். அப்படித் தைத்தால்தான் இஸ்திரி போடாமலேயே அது தானாக உருண்டு மடங்கும். இப்படி நூற்றுக்கணக்கில் குத்த வேண்டியிருக்கும். கோட்டுக்கென்றே தனி ஆள் இருந்தது இதற்காகத்தான். சட்டை தைப்பவரிடம் கோட்டைக் கொடுக்க மாட்டார்கள்.

இந்த சூட் வருவதற்கு முன்னால் மயிலாப்பூர் ஆண்கள் போட்ட கோட்டு வேறு. ஐகோர்ட் வக்கீல்களின் பழைய படங்களைப் பார்த்தால் தெரியும்: கீழே பஞ்சகச்சம், மேலே கழுத்துவரை பட்டன் போட்ட நீளக் கோட்டு, தலையில் தலைப்பாகை, தோளில் அங்கவஸ்திரம். வேட்டியை விடாமலே கோட்டுக்குள் போன உடை அது. அதைக் கடைசிவரை கம்பீரமாக அணிந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தபோதும், 1962 முதல் 1967 வரை ஜனாதிபதியாக இருந்தபோதும் நாம் நினைவில் வைத்திருக்கும் அவர் உருவம் அந்த மூடிய நீளக் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையும்தான். அவர் வீடு இருந்த எட்வர்ட் எலியட்ஸ் ரோடு இன்று அவர் பெயரில் இருக்கிறது.

எல்லோருக்கும் அந்த நிதானம் வாய்க்கவில்லை. 1914 மார்ச் 17ஆம் தேதி நெவாசா கப்பலில் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அவருடைய குடுமியை எடுத்து, ஐரோப்பிய உடைக்கு ஏற்பாடு செய்துதான் அனுப்பினார்கள். கேம்பிரிட்ஜில் ஷூ காலைக் கடிக்கிறது என்று செருப்போடு நடமாடினார். கோட்டுப் போட்டபடி நேராகப் பார்க்கிற அவருடைய படம் நமக்கெல்லாம் மனப்பாடம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய கண்ணுக்குப் பிறகு என் கண் போவது அந்தக் கோட்டின் தோளுக்குத்தான். உள்ளே இருப்பவரும் கோட்டும் ஒருவரை ஒருவர் இன்னும் அறிமுகம் செய்துகொள்ளாததுபோல் இருக்கும்.

கோட்டு தைக்க வெள்ளைக்காரர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் மவுண்ட் ரோடு. ஒயிட்அவே லெய்ட்லா கடை அங்கேதான் இருந்தது. சையத் பவுக்கர் என்ற பெயரைச் சொன்னால் அந்தக் கால மெட்ராஸில் சூட்டைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று புரிந்துவிடும். மயிலாப்பூர் குமாஸ்தாவும் வாத்தியாரும் அதுவரை போக மாட்டார்கள். அவர்களுக்கு லஸ்ஸைச் சுற்றியும் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் டெய்லர்கள் இருந்தார்கள். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் உருவான பிறகு பாண்டி பஜாரிலும் உஸ்மான் ரோட்டிலும் கடைகள் வந்தன. பிறகு சினிமாக்காரர்கள் தி.நகரில் குடியேறினார்கள். சிவாஜி வீடு தெற்கு போக் ரோட்டில், எம்.ஜி.ஆர். அலுவலகம் ஆற்காடு தெருவில். நேற்று வெளியான படத்தில் கதாநாயகன் போட்ட காலரை இன்று தைத்துக் கொடுக்கச் சொல்லி ஆள் வருகிற ஊராகிவிட்டது அது. அதே தி.நகரில் திருமலைப் பிள்ளை ரோட்டில்தான் காமராஜரும் இருந்தார். தொளதொளவென்று நீளமான அரைக்கைக் கதர்ச் சட்டை. ஒரே பேட்டையில் இரண்டு விதமான ஆண் உடைக்கும் உதாரண புருஷர்கள் இருந்தார்கள்.

என் நினைவில் இருக்கிற கடை 1970களின் கடை. சுவரில் பெல்பாட்டம் போட்ட ஆண்களின் கலர் படம், கோபுரமாக அடுக்கிய கத்தரிப்பூ நிறத் துணிப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் குத்திய பில், இரும்பு இஸ்திரிப் பெட்டியின் கரி வாசனை. தரையில் பாய் விரித்துக் காஜா பையன் உட்கார்ந்திருப்பான். என் வயதுதான் இருக்கும். நூலை மெழுகில் இழுத்துவிட்டுப் பட்டன் துளையைச் சுற்றி முடிச்சு முடிச்சாகக் குத்திக்கொண்டே இருப்பான். தலை நிமிராது. முதல் இரண்டு வருஷம் காஜா, பட்டன், ஹெம்மிங். பிறகு அரை டிராயர், பிறகு சட்டை, பிறகு பேண்ட். கடைசியில் கத்தரி. கத்தரி கைக்கு வந்தவரைத்தான் மாஸ்டர் என்பார்கள். நான் பள்ளிக்கூடப் பையோடு நின்றுகொண்டிருப்பேன், அவன் குனிந்துகொண்டிருப்பான். அந்தக் காலத்துக் கைவேலையை நான் கொண்டாடும்போதெல்லாம் அந்தப் பையனும் கண்முன் வருகிறான்.

மாஸ்டர் டேப்பைப் போட்டுக்கொண்டே இலக்கங்களை உரக்கச் சொல்வார். உதவியாள் நோட்டில் எழுதிக்கொள்வார். லென்த், செஸ்ட், வெயிஸ்ட், சீட், தொடை, பாட்டம். துணி கெஜத்திலிருந்து மீட்டருக்கு 1960களின் தொடக்கத்திலேயே மாறிவிட்டது. உடம்பு மட்டும் இன்றைக்கும் அங்குலத்தில்தான் இருக்கிறது. பேண்ட் பிட் 1.20 மீட்டர், இடுப்பு முப்பத்திரண்டு இன்ச் என்று ஒரே மூச்சில் சொல்லும்போது யாருக்கும் குழம்புவதில்லை.

இலக்கங்களுக்குப் பக்கத்தில் சில சொற்களும் இருக்கும். 'வலது தோள் இறக்கம்.' 'முன் வயிறு.' 'முதுகு கூனல்.' அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் முதல் குறிப்பு இருந்தது. வருஷக்கணக்கில் ஒரே தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்கிய தோள் அது. வீட்டில் நாங்கள் யாரும் கவனித்ததில்லை. அந்த நோட்டில் எழுதியிருந்தது. வலது பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பஞ்சு வைத்து, கண்ணாடியில் இரண்டு தோளும் சமமாகத் தெரியும்படி தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி அப்பாவிடம் அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனக்கு டிராயர் தைக்கும்போது அப்பா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "வளர்ற பையன், உள்ள நல்லா விட்டுத் தைங்கோ." கீழே மூன்று அங்குலம் மடித்துத் தைப்பார்கள். பின்பக்கம் ஒன்றரை அங்குலம். அடுத்த வருஷம் மடிப்பைப் பிரித்து இறக்கினால், பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு. அதற்கும் அடுத்த வருஷம் இரண்டாவது கோடு. வகுப்பில் எல்லாருடைய டிராயரிலும் கோடு இருந்தது. யார் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். கல்யாணமான மறுவருஷம் பேண்ட்டைப் பிரித்து விடுவது என்பது அநேகமாக எல்லா வீட்டிலும் நடந்தது. துணி விலை அதிகம், கூலி குறைவு. ஒரு பேண்ட் பத்து வருஷம் வர வேண்டும். உடம்பு மாறும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் கத்தரியை எடுத்தார்கள்.

தீபாவளி நெருங்கினால் கடை வாசலில் 'ஆர்டர் எடுப்பதில்லை' என்று போர்டு விழும். கொடுத்த துணி வருமா என்று ராத்திரி பத்து மணிக்கு சைக்கிளில் போய்ப் பார்ப்போம். "காஜாதான் பாக்கி, அஞ்சு நிமிஷம்" என்பார்கள். அந்த அஞ்சு நிமிஷத்தில் ரோட்டில் இரண்டு சரம் வெடித்து முடிந்துவிடும். சூடு ஆறாத இஸ்திரி வாசனையோடு பேப்பரில் சுற்றிக் கொடுத்த சட்டையைக் கையில் வாங்கிய நிமிஷம்தான் எனக்குத் தீபாவளி.

துணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1960களிலும் 70களிலும் டெர்லின் வந்தது, டெரிகாட்டன் வந்தது. கசங்காது, சீக்கிரம் காயும், இஸ்திரி மடிப்பு அப்படியே நிற்கும். மே மாதக் கத்திரி வெயிலில் நாங்கள் அதைப் போட்டுக்கொண்டு வேர்த்துக் கொட்டினோம். அதே சமயத்தில் அமெரிக்காவில் பெரிய இடத்துக் கல்லூரிப் பையன்கள் கோடைக்கென்று கட்டம் போட்ட பருத்திக் கோட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் துணியின் பெயர் 'மெட்ராஸ்'. சலவைக்குப் போட்டால் சாயம் ஒன்றோடொன்று கலக்கும் என்பதையே பெருமையாகச் சொல்லி அதை விற்றார்கள். இங்கே அதே கட்டத்தைக் கைலியாகக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, ஆபீசுக்கு டெரிகாட்டனை மாட்டிக்கொண்டு போனோம். வெயிலுக்கு எது சரி என்பது நம்மிடம் இருந்தது. நாம் அதைக் கோட்டாகத் தைத்துப் பார்க்கவில்லை. இந்த வருத்தம் எனக்கு உண்டு.

ரெடிமேட் என்ற மாற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதிலும் ஒரு தமிழ்நாட்டுப் பெயர் இருக்கிறது. மதுரையில் ஹார்வி மில்லாகத் தொடங்கி மதுரா கோட்ஸாக வளர்ந்த வம்சத்தில் வந்த மதுரா கார்மெண்ட்ஸ்தான் 1989இல் லூயி ஃபிலிப் சட்டையை இந்தியாவில் கொண்டுவந்தது. அடுத்தடுத்து வான் ஹூசன், ஆலன் சோலி. பின்னால் நிறுவனம் ஆதித்ய பிர்லா குழுமத்துக்குப் போனது. தி.நகரில் கண்ணாடிக் கதவு போட்ட, ஏ.சி. ஓடுகிற கடைகள் வந்தன. மென்பொருள் கம்பெனிகள் வந்தன. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டிய இருபத்திரண்டு வயதுப் பையன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உள்ளே போய், போட்டுப் பார்த்து, அரை மணி நேரத்தில் பையோடு வெளியே வந்தான். டெய்லர் கேட்கிற பத்து நாள் அவனிடம் இல்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. டெய்லர் கடையில் ஏறத் தயங்கிய எத்தனையோ பேரால், யாரிடமும் கெஞ்சாமல், 'வியாழக்கிழமை வாங்க, சனிக்கிழமை வாங்க' என்று அலையாமல், ஒழுங்காகத் தைத்த ஒரு சட்டையை ரங்கநாதன் தெருவில், கையில் இருக்கிற காசுக்கு வாங்க முடிந்தது. அது பெரிய விஷயம்.

ஆனால் அந்தச் சட்டையைத் திருப்பிப் பாருங்கள். தையலுக்குள் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆடையின் அடக்க விலையில் பாதிக்கு மேல் துணிக்கே போகிறது. கம்ப்யூட்டரில் பாகங்களை நெருக்கி அடுக்கி, பல அடுக்குத் துணியை ஒரே வெட்டாக வெட்டுகிற ஃபேக்டரியில், ஒரு சட்டைக்கு அரை அங்குலம் விட்டால் லட்சம் சட்டைக்கு எவ்வளவு துணி என்பதுதான் கணக்கு. தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் போன்ற இடங்களில் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருவர் நாள் முழுக்கக் காலர் மட்டும் தைக்கிறார், இன்னொருவர் கஃப் மட்டும். கை சுத்தமான கைதான். ஆனால் அந்தக் காலர் எந்தக் கழுத்துக்குப் போகிறது என்று அவருக்குச் சொல்ல வழியில்லை. நல்ல பிராண்ட் பேண்ட்டில் இன்றும் பின்பக்கம் கொஞ்சம் விடுகிறார்கள். சட்டையில் கிடையாது. உடம்பு பெருத்தால் அடுத்த சைஸ் வாங்கு என்பது அதன் அர்த்தம். நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர்கள், ஒரு தோள் இறங்கியவர்கள், கை கொஞ்சம் நீண்டவர்கள் எல்லாரும் தங்கள் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறார்கள்.

எனக்கும் நடந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் விழா ஒன்றுக்காக ஒரு பெரிய கடையில் ரெடிமேட் கோட்டு வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது டிரைகிளீனிங்கில் மார்புப் பக்கம் அப்பளம்போல் கொப்புளித்துக்கொண்டது. உள்ளே கான்வாஸ் தைக்கப்படவில்லை. பசை தடவிய ஒரு துணியைச் சூடு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பசை விட்டுப்போனால் அவ்வளவுதான், பிரித்துச் சரிசெய்ய அதில் தையலே இல்லை. அப்பாவின் கோட்டோ டெல்லிக்குப் போய் வந்தது. ஏஜி ஆபீஸில் வேலை பார்த்தவருக்கு அங்கே மாற்றல் வந்து ஆறு குளிர்காலம் அதைத்தான் போட்டார். வெளுத்தது அங்கேதான், பால்கனியில் வெயிலில் காயப்போட்டுப் போட்டு. வெளுத்ததே தவிர, உருக்குலையவில்லை.

இன்று பாண்டி பஜாரில் நடந்தால் கால் இடறுவதில்லை. 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அகலமான நடைபாதை, உட்கார பெஞ்ச். டெய்லர்களும் இருக்கிறார்கள், முன்னைவிட மும்முரமாக. ஆனால் மிஷினில் ஓடுவது பிளவுஸ். ஆரி வேலை செய்த கல்யாண பிளவுஸுக்கு வாங்குகிற கூலியில் பாதிகூட ஆண்கள் சட்டைக்குக் கிடைக்காது. அதனால் ஜென்ட்ஸ் மாஸ்டர்களின் பிள்ளைகளில் தொழிலில் தங்கியவர்கள் லேடீஸ் தையலுக்கு மாறிவிட்டார்கள். காஜா பையன் இல்லை. அவன் இடத்தில் காஜா மிஷின் இருக்கிறது. தைத்த சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு காஜா கடைக்கு அனுப்பினால் கிடுகிடுவென்று போட்டுத் தந்துவிடுகிறார்கள். அந்தப் பையனுக்கு இன்று ஒரு பேரன் இருந்தால் அவன் பள்ளிக்கூடத்தில் இருப்பான் என்று நம்புகிறேன். லஸ்ஸில் மெட்ரோ தடுப்புக்குப் பின்னால் கடைகளின் போர்டு பாதிதான் தெரிகிறது. நான் காஜா பையனைப் பார்த்த கடை இருந்த இடத்தில் இப்போது மருந்துக் கடை.

துணி மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது. கல்யாணத்தில், சஷ்டியப்தபூர்த்தியில், ரிடையர்மெண்ட் விழாவில் பெட்டியில் போட்ட பேண்ட் பிட், சட்டை பிட் கொடுப்பது நின்றபாடில்லை. வாங்கியவர் பீரோவில் வைக்கிறார். அடுத்த விசேஷத்துக்கு அதையே எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கிறார். ஒரு பழுப்பு நிறப் பெட்டி என் வீட்டிலிருந்து போய் நான்கு வருஷம் கழித்து என் வீட்டுக்கே வந்திருக்கிறது. அது என்றைக்காவது ஒருவர் உடம்பில் ஏற வேண்டும்.

அளவெடுத்துத் தைப்பது அடியோடு போய்விடவில்லை. வக்கீல்களின் கறுப்புக் கோட்டு இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் தவிர மற்ற கோர்ட்டுகளில் கோடைக்காலத்துக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஐகோர்ட்டில் சித்திரையிலும் போட்டாக வேண்டும். 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி அடித்ததே, அப்படிப்பட்ட ஊரில் தினமும் கோட்டு போடுகிற ஆளுக்கு எந்தத் துணி, எவ்வளவு லைனிங், அக்குளில் எவ்வளவு இடம் என்பதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. முதுகுக்குப் பாதி லைனிங்கோடு நிறுத்திவிடுங்கள் என்று கேட்டு வாங்குகிறார்கள். அரசியல்காரர்களின் வெள்ளைச் சட்டையும் இருக்கிறது. பாக்கெட்டில் வைத்த தலைவர் படம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே மெல்லிய துணியில் பாக்கெட் வைத்துத் தைத்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது ரெடிமேடில் வராது.

வேட்டியும் திரும்பி வந்தது. அதுவும் பெருமையோடு. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது: வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ராதாகிருஷ்ணன் அந்த வேட்டியோடுதான் ராஷ்டிரபதி பவனில் இருந்தார் என்பதை நினைத்தால், அந்தக் கதவில் நின்றவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இன்றைய வேட்டிக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டையும் பாக்கெட்டும் உண்டு. சட்டையும் வேட்டியும் ஒரே பெட்டியில் ஜோடியாக வருகின்றன. வேட்டி எந்த இடுப்புக்கும் பொருந்தும். அதற்கு டெய்லர் வேண்டியதில்லை. அந்த வகையில் அது ரெடிமேடுக்கு முந்தைய ரெடிமேடு.

ஜானவாசம் சுருங்கிவிட்டது. டிராஃபிக்கில் ஊர்வலம் விட யாருக்கும் தைரியமில்லை. மண்டபத்து வாசலிலேயே காரை நாலு தடவை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதன் சூட் ரிசப்ஷனுக்கு இடம் மாறிவிட்டது. இரண்டு மணி நேரம் மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள, வாடகைக்குக்கூட எடுக்கிறார்கள். அண்ணன் மகன் மட்டும், யாரும் சொல்லாமலே, தி.நகரில் ஒரு மாஸ்டரைத் தேடிப் பிடித்து அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டான். மூன்று தடவை போய் வந்தான். டிரையல் அன்று கோட்டுக்கு ஒரு கைதான் இருந்தது என்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். "சித்தப்பா, தாத்தா சொல்வாரே, அதே மாதிரி" என்று எழுதியிருந்தான்.

கோட்டைக் கொடுத்து நான்கு நாள் கழித்து அடையாறு கடைக்குப் போனேன். கோட்டு ஹேங்கரில் தொங்கியது. முன்பக்கம் பட்டன் போட்டுப் பார்த்தேன். மூச்சை இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகில் விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்.

"நான் மொதல்லயே சொன்னேனே சார், உள்ள இருந்த கலர் வெளிய வந்துடும்னு. நடுவுல பட்டையாத் தெரியுது. பரவாயில்லையா?"

கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தேன். வெளுத்த சாம்பல் முதுகின் நடுவில், கழுத்திலிருந்து கீழ்விளிம்புவரை, இரண்டு அங்குல அகலத்தில் கருநீலம். அப்பாவின் இருபத்தாறு வயதில் அந்தக் கோட்டு இருந்த நிறம்.

பரவாயில்லை என்றேன். அவர் கோட்டைக் கழற்றி மடிக்கும்போது, லைனிங்கை ஒரு தடவை தூக்கிக் காட்டினார்.

"ஒரு இன்ச்தான் எடுத்தேன் சார். அரை இன்ச் இன்னும் உள்ளயே விட்டிருக்கேன்."